சட்டி மடு அருவிக்குப் பின்னால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. எங்கள் தெருவில் யாருக்காவது வேப்பிலை அடிக்கிறார்கள் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரும்பாவூருக்கு மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் வெங்காயக் காடு, ஒரு கிணறு, கரண்டு மோட்டார், இவ்வளவுதான் சொத்து. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, வசந்தா ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண். நான் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை, என்னிடம் இருந்த ஒரே குறை எனக்குப் பேச வராது. பிறவியே அப்படி. காலையில் ஒரு வார்த்தை, ராத்திரி ஒரு வார்த்தை, அதுவும் சோறு போடு, மோட்டார் போடப் போறேன் என்கிற மாதிரி. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "செவுத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்குண்ணே" என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அண்ணன் வந்து இறங்கியது வைகாசி மாதம், எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம். மறுநாள் முதல் பஸ்ஸில் தங்கையைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவள் பெட்டியைக் கட்டி வாசற்படி ஓரம் வைத்துவிட்டாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு உள்ளே பதறியது, வாயில்தான் வரவில்லை.

மச்சான் நல்ல மனுஷர், மதியம் சாப்பிட்டதும், "மாப்ள, வாங்க, அருவி வரைக்கும் போயி ஒரு முங்கு போட்டுட்டு வருவோம்" என்றார். தனியாகப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. என் கையிலோ காப்புக் கயிறு. அதைக் கட்டிவிட்டால் அவிழ்க்கிற நாள் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. நம்பிக்கை இல்லாவிட்டாலும் ஊர் வாய்க்குப் பயந்து நானும் கட்டியிருந்தேன். எல்லைக் கல்லுக்கிட்ட வந்ததும், சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த மச்சானை நிறுத்தச் சொல்லி, கேரியரில் இருந்து இறங்கி, கயிற்றை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காப்போடு தாண்டினால்தானே குற்றம், கழற்றிவிட்டுத் தாண்டினால் என்ன என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மச்சான் பார்த்துவிட்டு மறுபடியும் மிதித்தார்.

எங்கள் பக்கம் அந்த இடத்தைச் சட்டி மடு என்பார்கள். பாறையைத் தண்ணீர் குடைந்து குடைந்து சட்டி சட்டியாகப் பள்ளம் விழுந்திருக்கும், ஒன்று நிறைந்து அடுத்ததில் வழியும். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய மடு, அதில்தான் அருவி விழுகிறது. கோடை என்பதால் மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது. வேட்டி சட்டையைப் பாறைமேல் வைத்துவிட்டுத் துண்டோடு இறங்கினேன். தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி, கொஞ்ச நேரம் எல்லாமே மறந்துபோனது.

மச்சான் கரையில் உட்கார்ந்துகொண்டு, "சொல்லுங்க மாப்ள, அவள வச்சுக்கிறீங்களா, நான் கூட்டிட்டுப் போயிடட்டுமா? ஒரு வார்த்த சொல்லுங்க, பெட்டிய நானே பிரிச்சு வச்சிட்டுப் போறேன்" என்றார்.

வச்சுக்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் முங்கி, அருவிக்கு அடியில் நீந்தி அந்தப் பக்கம் எழுந்தேன். அருவிக்குப் பின்னால் பாறைக்குள் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு பொந்து இருக்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதில் கோர்த்துக்கொண்டு வெளியே போகலாம் என்றுதான் ஏறினேன்.

மேலே மலையில் மழை பிடித்திருக்க வேண்டும். தலைக்குமேல் ஒரு உறுமல், அவ்வளவுதான், அருவி பருத்துவிட்டது. செம்மண் தண்ணீர் கதவு சாத்தின மாதிரி என் முன்னால் இறங்கியது. காலை வெளியே நீட்டினால் அடித்துக் கீழே அமுக்குகிறது. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் பாறையில் மோதித் திரும்பினேன். மடுவும் ஏறி, பொந்துக்குள் இடுப்பு வரைக்கும் தண்ணீர். "மச்சான், மச்சான்" என்று கத்தினேன், என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை.

இனிமேல் சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. தண்ணீர் ஓரமாக ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது, அதில் கண்ணை வைத்தால் கரை தெரிந்தது. மச்சான் பதறவில்லை, தேடவில்லை. எழுந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் என் வேட்டியைக் கட்டி, என் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். பையில் இருந்து கயிற்றை எடுத்து மச்சானிடம் கொடுத்து மணிக்கட்டை நீட்டினான். மச்சான் காப்பைக் கட்டிவிட்டார். இரண்டு பேரும் சைக்கிள் நிற்கிற பக்கம் நடந்து போனார்கள்.

நடக்கிற நடை என் நடை. இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி.

அதற்குப் பிறகு இருட்டிவிட்டது. உள்ளே உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, முதுகில் பாறை, முன்னால் தண்ணீர். செத்துவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம், விடிந்தால் அவள் பஸ் ஏறிவிடுவாள் என்பது ஒரு பக்கம், அதைவிட, என் வீட்டுக்கு எவன் போயிருக்கிறான் என்பது ஒரு பக்கம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அவள் எதிரில் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் பேசாததையெல்லாம் அந்தத் தண்ணீரிடம் பேசினேன். போகாதே வசந்தா, இரு, எனக்குச் சொல்லத் தெரியலியே ஒழிய நீ இல்லாமல் என்னால் ஆகாது என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

வெளுக்கிற நேரத்துக்கு அருவி பழையபடி மெலிந்துவிட்டது. இடுப்பில் துண்டோடு வெளியே விழுந்து, ஓட்டமும் நடையுமாக வந்தேன். வழியில் என் காட்டைத் தாண்டித்தான் வர வேண்டும், பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. வெங்காயப் பாத்தியெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தது. நான் போடாத மோட்டார். நின்று பார்க்கத் தைரியமில்லாமல் வீட்டுக்கு ஓடினேன்.

வாசற்படியில் பெட்டி இல்லை. போய்விட்டாள் என்று வாசலிலேயே நிற்கும்போது வசந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காதது.

"கெணத்துலயே குளிச்சிட்டு வந்துட்டீங்களா? விடிய நேரம் இருக்கறப்பவே கரண்டு வந்துடுச்சுன்னு ஓடுனீங்களே, அதுக்குள்ள போயிடுச்சா?" என்றாள். "அண்ணன் முதல் பஸ்ஸுக்குப் போயிட்டாரு. பெட்டியப் பிரிச்சு வச்சிட்டேன்."

எங்கள் பக்கம் அப்போதெல்லாம் கரண்டு வருகிற நேரத்துக்கு எழுந்து ஓட வேண்டும், அதனால் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். சட்டை ஆணியில் தொங்கியது. காப்புக் கயிறு அதில் இல்லை, பிறகும் கிடைக்கவில்லை, கோயிலில் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ராத்திரி பூரா பேசுனீங்களே, இத்தன பேச்ச எங்க வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் என்ன சொல்ல முடியும்? பேசியது நான் இல்லை என்றால் பெட்டி மறுபடியும் வாசற்படிக்கு வந்துவிடும். அதைவிட, அவள் ராத்திரி யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டுமே என்னால் ஆகாது. அன்றிலிருந்துதான் நான் பேசப் பழகினேன், பயத்தில் பழகியது, இப்போது பாருங்கள், நிறுத்த முடியவில்லை. சில மாதம் கழித்து மச்சான் வந்தபோது அவராகவே ஒன்று சொன்னார்: "அன்னிக்கு கேரியர்ல நீங்க உக்காந்து வந்தீங்களே மாப்ள, ஆளே இல்லாத மாதிரி சைக்கிள் போச்சு. ரெண்டு தடவ திரும்பிப் பாத்தேன்." நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பிள்ளை பிறந்து, பேரன் பிறந்து, எல்லாம் ஆகிவிட்டது. நடுநடுவே அவள், "அன்னிக்கு ராத்திரி ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்பாள். இருக்கு என்பேன். அவள் அதற்கு மேல் விரித்துச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது?

போன வாரம் மகன் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான், எங்கயாவது போவோமா அம்மா என்று கேட்டான். அவள் என் பக்கம் திரும்பி, "முட்டி வலி முத்துறதுக்குள்ள அந்த அருவிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. சொன்னீங்கல்ல ஒருநாள் கூட்டிட்டுப் போறேன்னு, ஞாபகம் இருக்குன்னுதான எப்பவும் சொல்வீங்க" என்றாள். எனக்கு வேறு வழியில்லை, சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவாகிவிட்டது.

மகன் வெளியே போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அருவிக்குப் பின்னால ஒருத்தர் வெளிய வர வழியில்லாம உக்காந்து அழுதுட்டு இருக்காருன்னு அன்னிக்கு சொன்னீங்களே. பாவம், அவரு இன்னும் அங்கதான் இருப்பாரா?"