அண்ணா பேசிய பர்மா பாஷை

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் நம்பினவன் இல்லை, இன்றைக்கும் நம்பவில்லை. சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் சொல்வதை நிறுத்திவிடுவேன்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்னால் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்து வீட்டில் அம்மாவும் அண்ணாவும்தான். அண்ணா கோயில் மடைப்பள்ளியில் இருந்தவர். விஷ ஜுரம் வந்து பிழைத்தார், பேச்சு போய்விட்டது. இரண்டு வருஷமாக ஒரு சத்தம்கூட இல்லை. நான் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும்.

போகிற ஊரில் திருதிருவென்று முழிக்கக் கூடாதென்று மன்னார்புரத்தில் காதர் பாயிடம் போனேன், ரங்கூனில் ரொம்ப காலம் துணிக்கடை வைத்திருந்தவர். தண்ணீர் கொடுங்கள், என்ன விலை, இப்படிப் பர்மா பாஷையில் பத்தே பத்து வாக்கியம், தமிழ் எழுத்தில் எழுதி வந்து வீட்டில் உருப்போட்டேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, நல்ல பட்டப்பகல், அண்ணாவுக்குச் சாதம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன், சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து, நம்பினால் நம்புங்கள், கணீரென்று "மத்வா நே" என்றார். பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டதென்று அம்மா அழுதாள். அதற்கப்புறம் எவ்வளவு கெஞ்சியும் அவர் வாய் திறக்கவில்லை.

என் தாளில் அந்த வார்த்தை இல்லை. மறுநாள் பாயிடம் கேட்டேன்.

"இதை நான் சொல்லித் தரலையே தம்பி. போகாதேன்னு அர்த்தம். யாரு சொன்னாங்க?"

சொன்னேன். பயணத்தை விட்டுவிடச் சொன்னார். அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

"போகாதேன்னு சொல்ற வாய் சோறு போடாதும்மா. நான் போறேன்."

போனேன். நான்கு வருஷம் இருந்தேன், ஒரு தலைவலிகூட வரவில்லை. என்னைத் தடுத்தது எதுவானாலும் அது தோற்றுப்போயிற்று.

இரண்டாம் வருஷம் அண்ணா காலமானார். கடைசியாக ஒரே ஒரு வார்த்தை சொன்னான், என்ன மந்திரமோ தெரியவில்லை என்று அம்மா தன் காதில் விழுந்தபடியே கடிதத்தில் எழுதியிருந்தாள்: "யௌக்பீ". அதற்குள் அந்தப் பாஷை எனக்குப் பழகியிருந்தது. வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம்.

யார், எங்கே? அர்த்தத்தை எழுத மனமில்லாமல், பெருமாள் திருநாமம் என்று அம்மாவுக்குப் பொய் எழுதிவிட்டேன். ஊர் திரும்பிப் பார்த்தால் அவள் தினமும் விளக்கேற்றி, வாசலைப் பார்த்து நின்று, அதையே ஜபித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை ஜபித்தாள். நான் எதையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் அவள் அதைச் சொல்லும்போது ஒரு நாள்கூட நான் வாசல் பக்கம் திரும்பியதில்லை.