இருட்டிலிருந்து சொன்ன பதில்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம் மெட்ராஸில் நடந்தது இது. ஏரியூர்ப் பக்கம் நிலக்கடலை போடும் குடும்பம் எங்களுடையது. எனக்குப் பத்தொன்பது வயது. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

எனக்கு நாடகப் பைத்தியம். ரேடியோவில் நாடகம் வந்தால் அடுப்பில் களி அடிப்பிடிப்பதுகூடத் தெரியாது. ஊர்க் கூத்து ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறேன். ஆனால் திரையும் விளக்கும் வைத்த சபா நாடகத்தைக் கண்ணால் கண்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு யார் கூட்டிப்போகப் போகிறார்கள்? அண்ணனுக்கு மெட்ராஸில் இன்டர்வியூ வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு நாளு, ஒரு நாடகம். அதோட இந்தப் பைத்தியத்த விட்டுடணும்” என்றார் அப்பா.

மொரப்பூரில் ரயிலேறி, விடிந்ததும் சென்ட்ரலில் இறங்கினோம். மதியத்துக்குள் இன்டர்வியூ முடிந்துவிட்டது. மீதிப் பொழுது முழுக்க என்னுடையது. மாடி பஸ்ஸில் மேலே முன் சீட்டில் உட்கார்ந்தேன். மரக்கிளைகள் கண்ணாடியை உரசிக்கொண்டு போயின. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினால் எனக்குத் திரை தூக்குவதாகவே தோன்றியது. ரோட்டில் சண்டை போட்ட இரண்டு ரிக்‌ஷாக்காரர்களை, வசனம் மறக்காமல் பேசுகிறார்களே என்று ரசித்தேன். கடற்கரையில் அலையைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். எங்கள் ஒகேனக்கல் தண்ணீர் ஓடினால் ஓடினதுதான்; இது போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“தண்ணிய எவ்ளோ நேரம் புள்ள பாப்ப?” என்று அண்ணன் சலித்துக்கொண்டார். எனக்குக் கனவில் யாரோ கூப்பிடுவது போலிருந்தது.

சாயங்காலம் நாடகம். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, அரக்கு நிறத் திரை மெல்ல விலகியபோது நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் பிரிந்து போக, பெரிய வீட்டில் தனியாக மிஞ்சிவிட்ட ஓர் அப்பாவின் கதை. கடைசியில் அவர் சாய்வு நாற்காலியிலிருந்து தட்டுத் தடுமாறி எழுந்து, வாசல் பக்கம் பார்த்துக் கேட்டார்: “இந்த வீட்ல யாருமே இல்லையா?”

எங்கள் ஊர்க் கூத்தில் ராஜா வந்து, “நாட்டில் மும்மாரி பெய்ததா?” என்று கேட்டால், “எங்கீங்க பேஞ்சுது!” என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் வேஷக்காரருக்கு மரியாதைக் குறைச்சல். அதே பழக்கத்தில், கண்ணில் நீர் வழிய, நானும் குரல் கொடுத்துவிட்டேன்.

“ஏனுங்க இல்லாம? நாங்கெல்லாம் இருக்கறமுங்க!”

அரங்கமே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ “உஷ்” என்றார்கள். அண்ணன் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். டார்ச் லைட்டோடு வந்த ஆள், “எழுந்து வெளியே வாம்மா” என்றார். ஆசையாகப் பார்க்க வந்த ஒரே நாடகத்தை நானே கெடுத்துவிட்டேனே! செருப்பைத் தேடிக் காலால் துழாவினேன்.

அப்போது மேடையிலிருந்து அதே தளர்ந்த குரல் வந்தது. “இருக்கீங்களா?”

அவர் விளக்கைத் தாண்டி, இருட்டில் நான் இருந்த பக்கம் பார்த்தார். “இருக்கறவங்க இவ்வளவு நேரம் ஏம்மா சொல்லல?” என்று கேட்டுவிட்டு, மெதுவாக நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை முழுக்கக் கை தட்டியது. டார்ச் ஆள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும்போது அண்ணன் திட்டப்போகிறார் என்று ஒடுங்கி நடந்தேன். ஸ்டேஷன் வந்ததும் என் பக்கம் திரும்பினார். “ஆயிரம் பேரு இருந்தாங்க. அந்தாளு உனக்கு மட்டுந்தான் புள்ள பதில் சொன்னாரு!” ஊருக்குப் போனதும், நான் மேடையேறி நடித்தேன் என்கிற அளவுக்குக் கதையை வளர்த்துவிட்டார்.

நான் நினைத்த மாதிரியே அப்புறம் ஒரு சபா நாடகமும் பார்க்கக் கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. அண்ணி போய்ச் சேர்ந்தார். அண்ணன் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அண்ணன் தனியாக இருக்கிறார். தினமும் பொழுது சாயும்போது எனக்குப் போன் செய்வார். ஹலோ சொல்ல மாட்டார். அந்த மேடைக் குரலில், “யாருமே இல்லையா?” என்பார். நானும் அன்றைக்குச் சொன்னதையே சொல்வேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

அன்று எந்த வார்த்தைக்காக வெட்கத்தில் செத்துப் பிழைத்தேனோ, அதைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன் போலிருக்கிறது.