குதிருக்குள் போன கதைப்புத்தகங்கள்

சமயநல்லூரிலேயே கதைப்புத்தகம் வாசிக்கிற ஒரே பெண் எங்கள் சின்ன அத்தைதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். உண்மையா என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. அப்பாவின் தங்கை அவள். நடவோ களையெடுப்போ முடிந்து வந்தால் குளித்து, சாப்பிட்டு, வெறுந்தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்துவிடுவாள். மதுரைக்கு வாழையிலைக் கட்டு கொண்டு போகும் சித்தப்பா பழைய காகிதக் கடையில் வாங்கி வந்தவை அவை. "குனிஞ்சு நட்ட இடுப்புக்கு இதுதான் ஒத்தடம்" என்பாள். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ள எனக்கு மட்டும்தான் அனுமதி. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. எந்நேரமும் புத்தகமும் கையுமாகக் கிடப்பவள் என்று பேச்சுப் பரவி, வந்த சம்பந்தங்கள் கைநழுவிப் போயின. அடுத்ததாகக் கொட்டாம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், ஒரு புத்தகம்கூடக் கண்ணில் படக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். இதுவும் தட்டிப்போனால் தங்கைக்குக் கல்யாணமே நடக்காது என்று அவருக்குப் பயம்.

அம்மா கெட்டிக்காரி. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் நெற்குதிர் பாதிக்கு மேல் காலி. புத்தகங்களைப் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டி உள்ளே இறக்கி, மேலே நெல்லைக் கொட்டி நிரவினாள். புத்தகமும் மறைந்தது, குதிரும் நிறைந்தது. எங்கள் பக்கத்துச் சம்பந்திகள் மேல்நெல்லை நம்ப மாட்டார்கள், அடிவரை நெல்தானா என்று முழங்கை முங்கக் கையை விட்டுப் பார்ப்பார்கள் என்பது பதற்றத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. காவலுக்கு என்னை நிறுத்தினார்கள். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற கதையாக, நான் குதிரில் சாய்ந்துகொண்டு அசையாமல் நின்றேன்.

மாப்பிள்ளையின் தாயார் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். என்னை மெல்ல நகர்த்தி, கையை உள்ளே விட்டார். மூட்டை வந்தது. அவிழ்த்தார்.

"இதெல்லாம் யாரு வாசிக்கிறது?"

"தம்பி வாங்கிப் போட்ட பழைய காயிதம்" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நாந்தான் வாசிக்கிறேன்" என்றாள் அத்தை.

"எதுக்கு?"

"வேலை முடிஞ்சா அலுப்புத் தீர."

"அலுப்புக்கு நாங்கள்லாம் படுத்துக்கிருவோம்."

"நானும் படுத்துக்கிட்டுத்தான் வாசிப்பேன்."

அந்த அம்மாள் ஒரு புத்தகத்தில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டி, வாசி என்று நீட்டினார். அத்தை வாசித்தாள். கதைக்குள் கிழவன் பேசினால் கிழவன் குரல், கோபம் வந்தால் கோபம். வந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கேட்டீர்களா, இது எங்கள் அத்தை என்று அத்தனை பேர் முகத்தையும் நான் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு இருந்த பெருமை பிறகு என் சொந்தக் கல்யாணத்தில்கூட எனக்கு இருந்ததில்லை.

வாசித்து முடித்ததும் அத்தை அந்த அம்மாளைப் பார்த்து, "எம்புட்டு வேலைன்னாலும் செய்வேன். மத்தியானம் கொஞ்ச நேரம் இதுக்கு விடுவீகளா?" என்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விட்டுட்டாப் போச்சு. வாய்விட்டு வாசி, நாங்களும் கேக்குறோம்" என்ற அந்த அம்மாள், "நெல்லுதான் கொஞ்சம் கொறைச்சலா இருக்கு" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

தையில் கல்யாணம் நடந்தது. அழகாக வாசித்ததால் அத்தையை அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்து, கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று சொன்ன அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த அம்மாள் வாசிக்க விடமாட்டேன் என்றிருந்தால், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அத்தைதான் சொல்லியிருப்பாள்.