பதினோரு மணிக்குத் தூங்குகிறவர்

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது அவள் காதுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. தேநீர் கொண்டுவருகிறவர் ஒருநாள் வாய் தவறி, "முட்டுக்கட்டை மேடத்துக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். "சரியாத்தான் வச்சிருக்காங்க" என்று சொல்லிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

குடும்ப நல அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தெட்டு வருட வேலை. வீடு வீடாகப் போய்ப் பார்த்து, அந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கலாமா கூடாதா என்று எழுத வேண்டும். தட்டுமுட்டுச் சாமான் பறக்கிற வீடுகளைப் பார்த்து அவள் பயந்ததே இல்லை. ஒரே ஆள் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிற வீட்டைக் கண்டால்தான் அவளுக்குப் பயம். அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேசைமேல் வைப்பாள். "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும். மத்தவங்க வாயைத் திறந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்பாள். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பத்து வருடமாகப் பேசாதவர்கள்கூட அந்தப் பழைய தோல் கூட்டைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகார் வந்தது. அக்காவும் தம்பியும், ஒன்பது வயது, ஆறு வயது. தினமும் பத்து நிமிடம் தாமதம். சின்னவன் வகுப்பில் தூங்கி விழுகிறான். அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு முட்டுக்கட்டை அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது பிள்ளைகளின் அத்தை. உள்ளறையில் அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பலாமா?" என்று கேட்டாள்.

"அவனையா? இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்றாள் அத்தை.

"வேலைக்குப் போறாரா?"

"வேலையா? அதெல்லாம் ஒரு வேலையா? அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அவனோட எட்டு வயசிலிருந்து நான்தான் பார்த்துக்கறேன். இப்பவும் நான்தான் பார்த்துக்கறேன்."

அன்றைக்கு இன்னும் மூன்று வீடுகள் பாக்கி இருந்தன. கண்ணாடிக் கூடு பையிலேயே கிடந்தது. முட்டுக்கட்டை நின்றபடியே எழுதினாள்: நிலையான வேலை இல்லை. பகலில் உறங்குகிறார். போர்வையை விலக்கவும் மனமில்லாதவர். கடைசி வாக்கியம் அவளுக்கே பிடித்திருந்தது. நன்றாக எழுதிவிட்டோம் என்ற திருப்தியில் படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு வேறு இரண்டு அதிகாரிகள் போனார்கள். கடைசிக் கையெழுத்துக்காகக் கோப்பு அவளிடமே திரும்பி வந்தது. பிள்ளைகளைக் காப்பகத்துக்கு அனுப்பப் பரிந்துரை. அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டதால் அவளிடமும் விட முடியாதாம். விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினாள். இரண்டாவது அறிக்கையிலும் போர்வையை விலக்க மனமில்லாதவர். மூன்றாவதிலும் அதே போர்வை. "பாருங்க, என் வரியை அப்படியே திருடியிருக்காங்க" என்று கணவரிடம் படித்துக் காட்டினாள். அவர் இருபத்திரண்டு வருடம் இரவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மூணு பேரும் எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தீங்க?"

அவள் பார்த்தாள். மூன்று அறிக்கையிலும் ஒரே நேரம்தான். காலை பதினோரு மணி.

"பதினோரு மணிக்கு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?" என்றார் அவர். "உன் அண்ணன் என்னைத் தூங்குமூஞ்சின்னு சொன்னப்ப நீ ஒரு வருஷம் அவர்கூடப் பேசலை. ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தப் பதினோரு மணியின்மேல். அலுவலக வண்டி பத்தரைக்குத்தான் கிளம்பும், நாலரைக்குள் திரும்பிவிட வேண்டும். நாலரைக்கு மேல் வீடுகளுக்குப் போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க அலுவலகத்துக்கு விடுமுறை. பிறகு குடும்பத்தை யார்தான் பார்த்தது?

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவள் தன் காலால் நடந்து அந்த மூன்று மாடியும் ஏறினாள்.

கதவு திறந்தே இருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து சின்னவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பெரியவள் வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்க, அவர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே தப்பைத் திருத்தினார். நகக்கண்களில் மாவு. சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு தாள்: திங்கள் விளையாட்டு உடை, செவ்வாய் தலைக்குக் குளியல், புதன் ஓவிய நோட்டு. இரவுக்குத் துணையாக அத்தை அப்போதே வந்திருந்தாள். அவளே முந்திக்கொண்டாள்.

"வாங்க மேடம். இவன் இருக்கானே, இவன்..."

முட்டுக்கட்டை கண்ணாடிக் கூட்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். விதியைச் சொன்னாள். அத்தையின் உதடு துடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பாவம். அவர் கூட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார். சின்னவன், "அப்பா, சொல்லுங்கப்பா" என்றான்.

"ரொட்டி ஆலைல வேலை" என்றார் அவர். "ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு. இவ அம்மா போனப்புறம் பகல் வேலையை விட்டுட்டேன். இவங்க முழிச்சிருக்கிற நேரம் நான் இருக்கணும்னு. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர பஸ் ஏழு பத்துக்குத்தான் இருக்கு. அதுக்கப்புறம் தலை பின்னி விடணும், அதுல பத்து நிமிஷம் லேட்டாயிடும். இவன் நான் வர்ற சத்தம் கேக்கணும்னு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உட்கார்ந்துக்கறான். அதான் கிளாஸ்ல தூங்கறான்."

"இதை ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலை மேடம். அக்கா சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

அத்தை முந்தானையை எடுத்தாள். "ஆபீஸ்ல நாற்காலில உட்கார்ந்து வேலை பார்த்தவன், மாவு மூட்டை தூக்கறான்னு எப்படி என் வாயால சொல்லுவேன்?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. விதியை மீறியதற்காக முட்டுக்கட்டை எழுந்து போகவில்லை.

அடுத்த நாள் புதிய அறிக்கையோடு கண்காணிப்பாளர் முன்னால் நின்றாள். அவர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல மாதிரி. படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், 'முந்தைய மூன்று அறிக்கைகளும் தவறு'ன்னு எழுதியிருக்கீங்க. அதை எடுத்துடுங்க. 'தற்போது சூழ்நிலை முன்னேறியுள்ளது'ன்னு போடுங்க. பிள்ளைங்க வீட்டுலயே இருப்பாங்க. யாருக்கும் வம்பில்லை."

"சூழ்நிலை ஒண்ணும் முன்னேறலை சார். அவர் அன்னிக்கும் இதேதான் செஞ்சுட்டிருந்தாரு."

"முதல் அறிக்கை உங்களோடது மேடம். ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியுது சார்" என்றாள். "முன்னேறியிருக்காருன்னு எழுதினா, முன்னாடி சோம்பேறியா இருந்தாருன்னு ஆயிடும். ஆறு மாசம் கண்காணிப்பு போடுவாங்க. ஒருநாள் பஸ் வரலைன்னா, பாத்தீங்களா பழையபடி ஆயிட்டாருன்னு நாலாவது ஆள் என் போர்வையை எடுத்துப் போர்த்திடுவான். அவர் செய்யாத தப்பை நான் திருத்த மாட்டேன். என் தப்பைத்தான் திருத்துவேன்."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வாங்கிய பெயருக்கு அன்றைக்குத்தான் முழுசாக நியாயம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்கள் மூன்று பேர், நடுவில் தலைவி. எதிரே அப்பா, சலவை செய்த சட்டையில். பக்கத்தில் அத்தை. தலைவி அப்பாவைப் பார்த்து, "வேலை நேரம் என்ன?" என்று கேட்டார்.

"அவன் ராத்திரி..." என்று ஆரம்பித்தாள் அத்தை.

"அக்கா" என்றார் அவர். "நான் பேசறேன்க்கா."

அத்தை திகைத்துப் போனாள். நாற்பது வருடத்தில் அவள் காது கேட்காத வாக்கியம் அது.  பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பேசினார். கண்ணாடிக் கூடு தேவைப்படவில்லை.

தலைவி கோப்பைப் புரட்டினார். "போர்வையை விலக்கவும் மனமில்லாதவர். இதை முதல்ல எழுதினது யார்?"

கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். முட்டுக்கட்டை எழுந்து நின்றாள். பயமாகத்தான் இருந்தது.

"நான்தான்மா."

"அப்போ தப்பா எழுதினவங்க, இப்போ மட்டும் சரியா எழுதியிருக்கீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம்" என்றாள். "இன்னிக்கு ஆறு மணிக்கு நீங்களே வந்து பாருங்க. மூணு மாடி, லிஃப்ட் கிடையாது."

ஒரு உறுப்பினர் நாலரை மணிச் சுற்றறிக்கையை நினைவுபடுத்தினார். தலைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆறு மணிக்கு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தது தலைவி மட்டும்தான். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவருக்கு ஓவிய நோட்டைக் காட்டினாள். சின்னவன் அவர் செருப்பைப் போட்டுப் பார்த்தான். திங்கட்கிழமை உத்தரவு வந்தது. புகார் முடிக்கப்பட்டது, கண்காணிப்பு தேவையில்லை, முந்தைய அறிக்கைகள் மூன்றும் தவறு.

கூடவே முட்டுக்கட்டைக்கும் ஒரு தாள் வந்தது. அலுவலக நேரத்துக்குப் பின் அனுமதியின்றி வீட்டுக்குச் சென்றது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக இருந்தது.

ஏழு நாள் எல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. கண்காணிப்பாளரின் அறைக்குப் போய், நின்றபடியே அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து எழுதினாள்.

"காலை பதினோரு மணிக்கு ஒருமுறை போனேன். அதற்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் போனேன். இனியும் போவேன்."

பேனாவை அவரிடம் கொடுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. கண்ணாடிக் கூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.