அல்போன்ஸுக்கு ஆண்டாள் கொடுத்த செல்லாத நோட்டு

அல்போன்ஸ் செத்துப்போய்விட்டான். ஹார்ட் அட்டாக்... நேற்று சாயங்காலம் அவன் மகள் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டிருந்தாள்.

யார் அல்போன்ஸ் என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு ரிசர்வ் பேங்க் கவர்னராக இருந்தவன். நாட்டுப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூகுளில் தேடிவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பீர்கள்.

எட்டாங்கிளாஸ் பெயிலான எனக்கும் கவர்னருக்கும் என்ன பழக்கம்? ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்த என்னை அந்த நாட்டு ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே டைம் ஆபீஸ் கிளார்க் அல்போன்ஸ்.

ஒரு நிமிஷம் லேட்டானாலும் என் கார்டில் சிவப்பு மை வைப்பான். வாங்கிக் கொடுத்த டீயையும் குடிப்பான், சிவப்பு மையும் வைப்பான். அப்படி ஒரு பிறவி.

பிறகு அவன் மில்லை விட்டு அந்த நாட்டு ரிசர்வ் பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்தான். வேலை பார்த்துக்கொண்டே படித்து, ஒவ்வொரு நாற்காலியாக ஏறினான்.

நான் ஊர் திரும்பிப் பல வருஷம் ஆனபிறகு, ஒரு புது நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினான். கீழே அவன் கையெழுத்து... கோழி கிளறின மாதிரி இருக்கு என்று பதில் போட்டேன்.

நம்ம ஊரில் பழைய ஐநூறு, ஆயிரம் செல்லாமல் போனதற்கு அடுத்த வருஷம், மதுரைக்கு ஹார்ட் செக்கப்புக்கு வந்தான். ஒரு நாள் என் வீட்டில் இருந்தான். ஹார்ட் செக்கப்புக்கு வந்தவன், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோவைத் தனியாளாகத் தின்றான்.

என் வாய் சும்மா இருக்குமா. பக்கத்து வீட்டு ஆண்டாளிடம், "நோட்டுல கையெழுத்துப் போடுத ஆளு வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டாள் பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். புருஷன் இறந்தபிறகு அவன் பெட்டியில் ஏழெட்டு பழைய ஐநூறு ரூபாய் நோட்டு இருந்தது. அவள் கையில் சிக்கும்போது மாற்றுவதற்கான நாள் முடிந்துவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இத மாத்தித் தருவாகளான்னு கேளுங்க."

"குடு ஆண்டாளு. ஊருக்குப் போயி மாத்தி அனுப்புவாரு" என்றேன், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

அவன் பக்கம் திரும்பி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நோட்டுக்காரருக்கு இந்த சிஸ்டரோட கிஃப்ட் என்றேன். அவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான். ஆண்டாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை... செல்லாத நோட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் அங்கே எலெக்‌ஷன் வந்தது. மேலிடத்திலிருந்து கண்டபடி நோட்டு அடிக்கச் சொன்னார்கள். முடியாது என்றான். வேலையைப் பிடுங்கி, வீட்டுக்கு ரெய்டு விட்டார்கள்.

ஒன்றும் சிக்கவில்லை. ஹாலில் கண்ணாடி ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்த ஆண்டாளின் நோட்டுகளைத் தவிர.

வெளிநாட்டுப் பணம் பதுக்கினான் என்று கேஸ். பேப்பரில் போட்டோவெல்லாம் வந்தது.

எனக்கு எழுதினான். அந்த சிஸ்டர் கிஃப்டாகக் கொடுத்தது என்று ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பு, வக்கீல் கேட்கிறார் என்று.

எந்த முகத்தோடு ஆண்டாளிடம் போய்க் கேட்பேன். அவளோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நோட்டு மாறிருச்சான்னு அவிய எதும் தாக்கல் சொன்னாகளா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று தடவை எழுதினான். முதல் இரண்டுக்கும் அனுப்புகிறேன் என்றேன். மூன்றாவதற்கு, ஜெயிலில் மட்டன் போட்டால் எனக்கும் ஒரு பார்சல் அனுப்பு என்று பதில் போட்டேன். படித்தான். அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

இன்று காலை ஆண்டாள் வீட்டுக்குப் போனேன்.

"ஆண்டாளு... அல்போன்ஸு செத்துட்டான்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம் அண்ணாச்சி. என் நோட்ட வச்சுக்கிட்டு எந்தெந்த ஆபீசுக்கெல்லாம் அலைஞ்சாகளோ. நானும் விடாம கேட்டு உசிர வாங்கிட்டேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வைவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். உள்ளே போய் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"எழுதுங்க. நான் மனசாரக் குடுத்தேன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுதேன்."

"அவனே போயிட்டானே ஆண்டாளு. இனி எதுக்கு?"

"மக இருக்கால்ல. அந்தப் புள்ள அந்த ஊருக்குள்ள நடக்க வேண்டாமா?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போட்டோ எடுத்து அவன் மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

போ அல்போன்ஸ்... மெதுவாகப் போ. லேட்டானாலும் அங்கே சிவப்பு மை வைக்க ஆள் கிடையாது.