தோணியடியில் பதினொரு பேர்

மருதமுனை முத்தலிப் தன் வாழ்நாளில் எத்தனை படம் எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. கலியாண வீடு, அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் சேர்த்தால் பல ஆயிரம் வரும். அவன் எடுக்க ஆசைப்பட்ட படம் ஒன்றுதான். அதை 1980 ஜூலை 26 சனிக்கிழமை இரவு 10.52க்கு, கல்முனைக் கடற்கரையில் எடுத்தான். நேரம் பிழைக்காது. அன்றைய மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு நேரம் குறித்தவன் நான்.

முத்தலிப்புக்கு அப்போது வயது முப்பத்தொன்று. வாப்பா தறி நெய்தவர். இவன் தறியில் இருக்காமல் பதினெட்டு வயதில் கல்முனையில் அழகரெத்தினத்தின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் ஊர் வழக்கப்படி மனைவி சுஹறாவின் வீட்டில் குடியிருந்தான். அந்த வீட்டில் மாமியார் ஆயிஷா உம்மாவும் சுஹறாவின் தங்கை மைமூனாவும் இருந்தார்கள். என் வீட்டுக்கு அடுத்த வளவு. வயதில் மூத்தவன் என்பதால் என்னைக் காக்கா என்பான்.

ஸ்டூடியோவில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு சவர பிளேட் துண்டு. எங்கள் ஆட்களின் கலியாண வீட்டில் மாப்பிள்ளையை எடுக்கும்போது பின்னால் வாசலிலோ யன்னலிலோ பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் படத்தில் விழக்கூடாது என்பது வீட்டாரின் கட்டளை. முத்தலிப் நெகட்டிவை விளக்குக்கு மேல் வைத்து, பிளேட் முனையால் அந்த முகங்களை மயிரிழை மயிரிழையாகச் சுரண்டுவான். சுரண்டிய இடம் படத்தில் இருட்டாக வரும். அங்கே ஆள் நின்றதாகவே தெரியாது. "நெகட்டிவிலும் இல்லை" என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துத்தான் அந்த ஸ்டூடியோ முஸ்லிம் வீடுகளுக்குள் நுழைந்தது.

1980 ஏப்ரலில் பாண்டிருப்புச் செல்லத்தம்பி ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் கொழும்புத் தினசரி ஒன்றுக்குச் செய்தி எழுதுபவர். கல்முனைப் பக்கத்துக்குப் படம் எடுக்க ஓர் ஆள் தேவை என்று பத்திரிகை கேட்டிருந்தது. இருட்டில் ஓடும் ஒன்றைத் தெளிவாக எடுத்து, நெகட்டிவோடு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள்.

முத்தலிப் அந்த இரவே தீர்மானித்துவிட்டான். எழுபத்தேழில் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்து, இளைஞர்கள் கடற்கரை ஈரமணலில் பந்தயம் விடத் தொடங்கியிருந்தார்கள். பகலில் அங்கே கரைவலை இழுப்பார்கள். ஆகவே பந்தயம் நோன்பு மாதத்தில், இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்த பிறகுதான் நடக்கும். அதற்கு மூன்று மாதம் இருந்தது. ஓடும் வண்டியை அவன் பகலில்கூட எடுத்ததில்லை.

அழகரெத்தினம் சிரித்தார்.

"டேய் முத்தலிப், கலியாண மாப்பிள்ள ஓடமாட்டான்டா. இருத்தி வெச்சி எடுக்கலாம். அத விட்டுட்டு ஓடுற சாமானுக்குப் பின்னால ஏன்டா ஓடுறாய்?"

"இருக்கிறத எடுக்க ஊரெல்லாம் ஆள் இரிக்கி அண்ணன்."

கமெராவையும் பிளாஷையும் இரவல் தந்தார். பிலிம், கலியாண வீடுகளில் மிஞ்சிய சுருள்கள். நெல் ஆலையில் மெசின் ஓட்டும் ஜெமீல் வண்டி ஓடச் சம்மதித்தான். கடற்கரையில் ஒரு பீப்பாவை நட்டு, அதைச் சுற்றி இரவில் ஜெமீல் ஓட, முத்தலிப் எடுத்தான். இரண்டு கையும் கமெராவில் இருந்ததால் ஒவ்வொரு படத்தின் கணக்கையும் நான் டோர்ச் வெளிச்சத்தில் எழுதினேன். நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் நீர்மட்டம் பதிந்த கை, சும்மா இருக்காது.

முதல் சுருளில் முப்பத்தாறும் வெளிச்சக் கோடுகள். வண்டியும் இல்லை, ஜெமீலும் இல்லை.

இரண்டாவது சுருளில் வேகமாக ஓடும் வண்டியை நிறுத்த வேகமான ஷட்டர் வேண்டும் என்று எண்ணி நொடியில் இருநூற்றைம்பதில் ஒன்றில் வைத்தான். அந்தக் கமெராவில் பிளாஷ் போட்டால் அறுபதுக்கு மேல் போகக்கூடாது. போனால் திரை முழுதாகத் திறக்குமுன் வெளிச்சம் அடித்து முடிந்துவிடும். எல்லாப் படத்திலும் ஒரு பக்கம் கறுப்பு. வண்டியின் பின்சில்லு மட்டும் தனியே ஓடியது.

"முத்தலிப் காக்கா, என்ட தலையெங்க?" என்று கேட்டான் ஜெமீல். "நோன்பு புடிக்கிறவன்ட தலைய வெட்டலாமா?"

"நோன்பு இன்னும் வரல்ல. சும்மா இரிடா."

மூன்றாவது சுருள் தெளிவாக வந்தது. ஆனால் நிறுத்தி வைத்த வண்டியைக் கடையில் எடுத்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்றாம் நாள் வந்து, "காக்கா, நான் நிக்கிறன், அது ஓடுது. அதான் பிழை. நானும் சேந்து கிறுகணும்" என்றான். தறியில் நாடா போய்வருவதைச் சிறுவயதில் பார்த்துக்கொண்டே இருந்தவன். அதேபோல இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, வண்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டே போய், முப்பதில் ஒன்று வேகத்தில் பொத்தானை அமர்த்தப் பழகினான். பகலிலேயே பீப்பாவிலிருந்து பன்னிரண்டு அடி அளந்து குறி வைத்து, லென்ஸ் வளையம் அசையாமல் டேப் ஒட்டினான். நான்காவது சுருளில் ஏழு படங்கள் தேறின. ஜெமீலும் வண்டியும் தெளிவு. பின்னால் உள்ளதெல்லாம் காற்றில் இழுபட்ட கோடுகள்.

பந்தயத்தன்று நான்கு உழவு மெசின்களின் முன்விளக்குகளும் ஜெனரேட்டரில் எரிந்த குழல்விளக்குகளும்தான் வெளிச்சம். வடக்கிலும் தெற்கிலும் நட்ட பீப்பாக்களைச் சுற்றி ஆறு சுற்று. கடைசிச் சுற்றில் ஜெமீல் தெற்குப் பீப்பாவில் முழங்கால் மணலில் உரசும்படி சரிந்து திரும்பினான். பிளாஷ் அடித்தது.

"எழுதுங்க காக்கா! முப்பத்து மூண்டு! முப்பதில ஒண்டு! கிடைச்சிட்டுது!"

அன்றிரவு அவன் வீட்டுக்குப் போகவில்லை. சஹர் சாப்பாட்டுக்கு முன்பே பிலிமைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை நெகட்டிவ் அளவிலேயே சின்னப் படங்கள் போட்டான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து முப்பத்து மூன்றை என் மேசையில் வைத்தான். மணல் விசிறிபோல் எழுந்து நின்றது. ஜெமீலின் பல் தெரிந்தது. அதைப் போன்ற ஒன்றை அதற்கு முன்பு நான் எங்கள் பக்கத்து ஆள் எடுத்துக் கண்டதில்லை.

"காக்கா, படத்துக்குக் குறிப்பு நீங்கதான் எழுதணும். உங்கட எழுத்துல பிழை இரிக்காது."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பின்னால் இடப்புறம் மணலில் ஏற்றிவைத்த தோணி ஒன்று. அதன் அருகே வெள்ளைக் கோடுகள். முக்காடுகள். மெசின் விளக்கில் இழுபட்டுக் கிடந்தன. எண்ணினேன். குறிப்பை இப்படி எழுதிக் கொடுத்தேன்: "கல்முனைக் கடற்கரை, 26.07.1980, இரவு 10.52. ஆறாம் சுற்று, தெற்குப் பீப்பா. ஓட்டுபவர் ஜெமீல். பின்னால் இடப்புறம், தோணியருகே நின்று பார்க்கும் பெண்கள் பதினொரு பேர்." சின்னப் படத்தை என் கணக்குக் கொப்பியில் ஒட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நோன்பு திறந்த பிறகு அவன் வீட்டில் நடந்ததை எனக்குப் பின்னர்தான் சொன்னான். இன்னொரு சின்னப் படத்தை அவன் வீட்டாருக்குக் காட்டியிருக்கிறான். ஆயிஷா உம்மா அதை விளக்கடியில் பிடித்திருக்கிறார்.

"இது தோணியடிதானே?"

"முகம் ஒண்டும் தெரியாது மாமி. எல்லாம் கோடு."

"தோணியடியில ஆரு நிண்டெண்டு ஊருக்குத் தெரியும் மகன். கோட்டப் பாத்தே பேர் செல்லுவாங்க."

"ஏன், நீங்களும் நிண்டீங்களா மாமி?"

"அதக் கேட்டு இப்ப என்ன செய்யப்போறீங்க?"

சுஹறா குறுக்கிட்டாள். "அக்கரைப்பற்று மாப்பிள்ள வீட்டாக்கள் மைமூனாட நிக்காஹ்வுக்கு நாள் கேட்டிரிக்காங்க. இந்த நேரத்துலயா ராவையில கடக்கரையில நிண்டதப் பேப்பர்ல போடணும்?"

கதவுக்குப் பின்னாலிருந்து மைமூனாவின் குரல் வந்திருக்கிறது. "போட்டா என்னகா ராத்தா? பாக்கத்தானே போன. நானா வண்டி ஓடின?"

"நீ வாய மூடு புள்ள," என்றார் ஆயிஷா உம்மா. "மகன், ஊரார்ர புள்ளைகளுக்கெல்லாம் செய்து குடுக்கிறீங்க. நெகட்டிவிலயும் இல்லாம. எங்கட புள்ளைக்குச் செய்ய ஏலாதா?"

அவன் சம்மதித்துவிட்டான். அது அவர்களின் வீடு. அது மட்டும் காரணம் என்று நான் எழுதினால் உண்மையாகாது. அவனுக்குத் தன் கையின் மேல் கர்வம் இருந்தது. பதினொரு கோடுகளைச் சுரண்டினால் உலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பினான். அன்றிரவு ஸ்டூடியோவில் பிளேட்டை எடுத்தான். ஒரு மணித்தியாலம் ஆனதாம். தோணியடி இருட்டாகிவிட்டது. புதிதாகப் பெரிய படம் ஒன்று போட்டு, பின்புறத்தில் என் குறிப்பை ஒட்டினான். அதை வாசித்துப் பார்க்கவில்லை. என் எழுத்தில்தான் பிழை இருக்காதே.

செவ்வாய்க்கிழமை தபால் கந்தோருக்கு நானும் கூடப் போனேன். கவர் ஒட்டியிருந்தது. பதிவுத் தபால் இலக்கத்தை எழுதிக்கொண்டேன். உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பதில் ஓகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து என் வீட்டுப் படலையடியில் நின்றுகொண்டு அவன் நீட்டினான். ஆறு வரி. படம் சிறப்பானது என்று முதல் வரி. குறிப்பில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள், படத்தில் ஒருவரும் இல்லை என்று இரண்டாவது. ஆகவே நெகட்டிவைக் கண்ணாடி வைத்துப் பார்த்ததாகவும், அது சுரண்டப்பட்டிருப்பதாகவும், செய்திப் படத்தில் கைவைப்பவரை நம்புவதற்கில்லை என்றும் மிச்சம். படமும் நெகட்டிவும் திரும்பி வந்திருந்தன.

நான் இரண்டு தரம் வாசித்தேன்.

"தம்பி, சுரண்டினத்த எனக்கு ஏன் செல்லல்ல? நான் அந்த வரிய வெட்டியிருப்பனே."

"வெட்டியிருப்பீங்களா காக்கா?"

நான் யோசித்தேன். அவன் கடிதத்தை வாங்கி மடித்தான்.

"நீங்க எழுதினது சரி. மாமி கேட்டதும் அவட கணக்குக்குச் சரி. நான்தான் எல்லாத்தையும் ஒரே கவருக்குள்ள போட்டன்."

அந்த இடத்துக்குப் பத்திரிகை வேறோர் ஆளை எடுத்தது. அதே பந்தயத்தின் பரிசளிப்பை எடுத்து அனுப்பியவராம். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் வரிசையில் நிற்கும் படம். இருட்டுமில்லை, ஓட்டமுமில்லை. செல்லத்தம்பி பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். முத்தலிப் பார்த்துவிட்டு, "சுரண்டல்ல, அது நல்லம்" என்றான்.

மைமூனாவின் நிக்காஹ் நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. படம் எடுத்ததும் முத்தலிப்தான், யன்னலில் எட்டிப் பார்த்தவர்களைச் சுரண்டியதும் அவன்தான். மாப்பிள்ளை அக்கரைப்பற்று முகைதீன்பாவா. அடுத்த ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். திரும்பி வந்த பெரிய படத்தை ஆயிஷா உம்மா கண்ணாடி போட்டு முன்மண்டபத்தில் மாட்டியிருந்தார். வீட்டு மருமகன் எடுத்தது என்று வருபவர்களுக்குக் காட்டுவதற்கு.

புது மாப்பிள்ளை கை கழுவிவிட்டு வந்து அதன் முன்னால் நின்றார்.

"முத்தலிப் மச்சான், இது நோன்புப் பந்தயம்தானே? நானும் வந்த. நாங்க எதிர்ப்பக்கம் நிண்ட." விரலைக் கண்ணாடியில் வைத்தார். "இந்தத் தோணியடியில நிறையப் பொம்புளைகள் நிண்டாங்களே. நல்லாக் கைதட்டினாங்க. நாங்க பாத்துப் பாத்துச் சிரிச்ச. எங்க அவங்க?"

உள்வாசலில் மைமூனாவின் வளையல் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கினாளோ என்னவோ.

ஆயிஷா உம்மா வட்டிலப்பத் தட்டை மேசையில் வைத்தார். "ராவையில பொம்புளைகள் கடக்கரைக்குப் போவாங்களா மருமகன்? ஒருத்தரும் நிக்கல்ல. படத்த வடிவாப் பாருங்க."

முகைதீன்பாவா வடிவாகப் பார்த்தார். இருட்டுத்தான் இருந்தது. "பிழையாக் கண்டிருப்பன் போல" என்று வந்து உட்கார்ந்தார். முத்தலிப் வட்டிலப்பத்தைத் தொடாமல் எழுந்து வெளியே போனான்.

அதன் பிறகு அவன் ஓடும் எதையும் எடுக்கவில்லை. அடுத்த வருடப் பந்தயத்துக்குக் கேட்டபோது பிளாஷ் பழுது என்றான். பழுதில்லை. எண்பத்தைந்துத் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் அழகரெத்தினம் ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். முத்தலிப் வீட்டு முன்னறையில் ஒரு வெள்ளைத் திரை கட்டி, அடையாள அட்டைக்கு முகங்களை எடுத்தான். "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று அவன் சொல்வது வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்கும்.

என் கொப்பியில் அந்தச் சின்னப் படம் இருக்கிறது. சுரண்டுவதற்கு முன்பு போட்டது. 1989இல் ஒரு நாள், அதைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் காக்கா. என்ட வீட்டுல அதுக்கு இடமில்ல" என்றான். அடுத்த ஆள் வாசலில் நின்றார். திரையை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவரை உட்காரச் சொன்னான்.