மக்வாலாவின் வியாழக்கிழமைகள்

கின்காலியின் குடுமியை எங்கள் ஊரில் யாரும் தின்பதில்லை. கொழுக்கட்டையைக் குடுமியில் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் கடித்துச் சாற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் கறியைத் தின்றுவிட்டு, வேகாத மாவு முடிச்சைத் தட்டிலேயே போட்டுவிடுவார்கள். மக்வாலா ஐந்து வாங்குவார். குடுமியோடு ஐந்தையும் தின்பார். பசனௌரி ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண் வெறும் தட்டைப் பார்த்து, "என்னக்கா, ஒண்ணுமே சாப்பிடல போலிருக்கே?" என்பாள். "பல்லு நல்லா இருந்தா தட்டையும் தின்னிருப்பேன்டி" என்பார் இவர்.

வயது அறுபத்தொன்று. குட்டையான உருவம், ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு, தோளில் நீலப் பை. அதில் அவித்த முட்டை, துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி, முதல் நாள் வாங்கிய ரொட்டி. திபிலிசியில் நான் இருக்கும் அடுக்குமாடியில் எனக்கு மேல்வீடு. மருந்துக்கடையில் எனக்கும் வியாழன்தான் விடுமுறை என்பதால், இரண்டு வருடமாகப் பல வியாழக்கிழமைகளில் அவருடன் ஊர் சுற்றியிருக்கிறேன்.

காலையில் திதுபே வேன் நிலையத்துக்கு வந்ததும் அவர் வேன்களைப் பார்ப்பதில்லை, ஓட்டுநர்களைப் பார்ப்பார். "சிகரெட்ட பாதியில அணைக்கிறான் பாரு, அவன்தான் இப்ப கிளம்புவான்." தண்ணீர் வாங்க மாட்டார், வழியில் ஊற்று வரும். இரவு தங்க நேர்ந்தால் ஏதாவது கன்னியர் மடம். உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தால் கட்டிலும் சூப்பும் கிடைக்கும். இத்தாலியில் பதினோரு வருடம் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து அனுப்பிய பணம் மகனுடைய வீடாகிவிட்டது. அந்த வீட்டின் சின்ன அறை இவருக்கு. இத்தாலியில் வியாழன்தான் வாராந்திர ஓய்வு. திரும்பி வந்த பிறகும் உடம்பு வியாழனை மறக்கவில்லை.

போகிற இடத்தில் அவர் செய்வதுதான் எனக்கு வெகுநாள் புரியவில்லை. வர்ட்சியாவில் மலையைக் குடைந்து ஒரு நகரமே கட்டி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சுவரில் இருக்கும் பழைய ராணியின் ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் குனிந்தபடியே வந்தார். "இருநூத்திப் பதினாறு படி. ஆகாது" என்றார். குரலில் ஒரு நிம்மதி. மற்றொரு வியாழன் ம்த்ஸ்கேதா பேராலயம். வாசலில் மூன்றே படி, உள்ளே வழவழவென்று சமதளம். அன்று திரும்பும் வழியெல்லாம் "மூணே படி" என்று முனகிக்கொண்டே வந்தார். வேனை விட்டு இறங்கும்போது, படியில் என்ன இருக்கிறது என்று நானே கேட்டேன். அடுக்குமாடியின் லிஃப்ட் அன்றும் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி ஏறி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இத்தாலியின் பாரி நகரத்தில் அவர் கடைசியாகப் பார்த்துக்கொண்டவர் எத்தோரே. பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கால் இரண்டும் விழுந்துவிட்டன. சாயங்காலம் ஆனால் பெரிய வரைபடப் புத்தகத்தை மடியில் விரித்து, "உங்க மலையப் பத்திச் சொல்லு, மக்வாலா" என்பாராம்.

"எனக்கு என்ன மலை தெரியும், தம்பி? நான் பொறந்தது ருஸ்தாவி. இரும்பு ஆலை, புகை, அதுதான் தெரியும். அங்கதான் கல்யாணம், பதிவு ஆபீஸ்ல. ஒரு தடவ மலைக்குப் போலாம்னு வீட்டுக்காரர் கூப்பிட்டார். காசுக்குப் பிடிச்ச கேடுன்னுட்டேன். ஆனா இந்த மனுஷன் அப்படி ஆசையா கேக்குறார். பள்ளிக்கூடப் புத்தகத்துல படிச்சத, டிவில பார்த்தத எல்லாம் நான் போய்ட்டு வந்த மாதிரியே சொல்லிட்டேன்."

"அதுல என்னக்கா தப்பு?"

"கெர்கெத்தி கோயில்லதான் எனக்குக் கல்யாணம் நடந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

பனிமலைக்கு எதிரே, மேகத்துக்குள் நிற்கும் கோயில் அது. எத்தோரே அதை வரைபடத்தில் தேடிப் பென்சிலால் வட்டம் போட்டார். மகனிடம் பேசினார், டாக்டரிடம் பேசினார். கோடையில் மக்வாலா ஊருக்குப் போகும்போது தன்னையும் பத்து நாள் கூட்டிப் போக வேண்டும் என்றார். உன் கல்யாணம் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அந்தப் பாதிரியாரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"பயந்துட்டேன். அங்க ரோடே கிடையாது, மூணு மணி நேரம் நடக்கணும், கோவேறு கழுதைதான் போகும்னு சொன்னேன். அப்ப கழுதையில போறேன்னார். உங்க காலுக்கு ஆகாது, வழியிலயே போய்டுவீங்கன்னு சொன்னேன். புத்தகத்த மூடினார். அப்புறம் என்னை மலையப் பத்திக் கேக்கவே இல்ல. பிப்ரவரியில போய்ட்டார்."

கதவைத் திறக்கச் சாவியை எடுத்தவர் நின்றார். "பொய் சொன்னதுக்குக்கூட வருத்தம் இல்ல, தம்பி. அது பொய்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிருந்தா அவரும் சிரிச்சிருப்பார். உங்க காலுக்கு ஆகாதுன்னு சொன்னேன் பாரு, அதுதான்."

அதன் பிறகும் கெர்கெத்திக்கு மட்டும் அவர் வர மறுத்தார். ஒரு வியாழன் மழை, மறு வியாழன் முட்டிவலி. போன செப்டம்பரில் ஒரு நாள் அவராகவே என் கதவைத் தட்டினார். "வா, அதையும் பார்த்துட்டு வந்துடலாம்."

கணவாயில் எல்லை நோக்கிப் போகும் லாரிகளின் வரிசையைத் தாண்டி கோயில் மலையின் அடிவாரமான ஸ்தெபான்ஸ்மிந்தாவில் இறங்கும்போது மணி பதினொன்று. மேலே நடந்துதான் போக வேண்டும் என்று மக்வாலா பையைத் தோளில் இறுக்கிக்கொண்டார். ஒரு பழைய ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் கோச்சா நாற்பது வயதுக்காரர், கழுத்து எது தோள் எது என்று தெரியாத உடம்பு. பின்னால் கோயிலை ஒட்டிய மடத்துக்குக் கொண்டுபோகும் மாவு மூட்டைகள்.

"எங்க சித்தி, நடந்தா? ஏறுங்க. மூட்டையோட மூட்டையா நீங்களும் வாங்க."

"நடந்து மூணு மணி நேரமாமே?"

"யார் சொன்னது? நொண்டி ஆடுகூட ஒன்றரை மணியில ஏறிடும். இப்ப ரோடு போட்டு வருஷக்கணக்கா ஆச்சு."

மக்வாலா என்னைப் பார்க்கவில்லை. வழுவழுப்பான சாலை, பத்தே வளைவு. சீட்டிலிருந்து முதுகு எழும்பக்கூட இல்லை, மேலே வந்துவிட்டோம். வண்டி நின்ற இடத்திலிருந்து கோயிலுக்குக் கல்படிகள் ஏறின. அவற்றைக் கண்டதும் மக்வாலாவின் முகம் தெளிந்தது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினார். எனக்குப் பின்னால் கோச்சா தோளில் மூட்டையுடன் வந்துகொண்டிருந்தார்.

"நாற்பத்தி மூணு" என்றார் மக்வாலா, மேலே மூச்சு வாங்கியபடி. "பாத்தியா தம்பி? கால் இல்லாத மனுஷன் இதுல எப்படி ஏறுவார்?"

"யாருக்குக் கால் இல்ல?" என்றார் கோச்சா.

"நான் பார்த்துக்கிட்ட பெரியவர் ஒருத்தர். இத்தாலிக்காரர். இங்க வரணும்னார்."

"கூட்டிட்டு வந்திருக்க வேண்டியதுதானே? எங்க மாமியாரையும் ஈஸ்டருக்கு ஈஸ்டர் நாங்க நாற்காலியோடதான் தூக்கிட்டு வர்றோம். போன தடவ, ரொம்ப மெதுவா போறீங்க, கொஞ்சம் ஆட்டுங்கடான்னு கேட்டுச்சு அந்தக் கிழம்." மூட்டையைச் சுவரோரம் இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "இது அம்பது கிலோ. உங்காளு எவ்வளவு இருப்பார்?"

மேகம் விலகிக்கொண்டிருந்தது. முற்றத்தில் எல்லோரும் பனிமலையைப் படம் எடுக்க ஓடினார்கள்.

"அறுபத்தோரு கிலோ" என்றார் மக்வாலா. "கடைசியில அம்பத்தி நாலு."

"அவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு, கோச்சா அடுத்த மூட்டைக்குப் படி இறங்கிப் போனார்.

மக்வாலா மலைக்கு முதுகைக் காட்டி நின்றார். முழங்காலைச் சற்று மடக்கி, கட்டிலில் இருப்பவரின் முதுகுக்கு அடியிலும் தொடைக்கு அடியிலும் கொடுப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். மெல்ல நெஞ்சு வரை தூக்கினார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார்.